கவிழ்ந்து எழும் கலை

கவிழ்ந்த கயாக்கை விட்டு வெளியேறாமல், தண்ணீருக்குள் இருந்தபடியே நிமிர்ந்து எழும் வித்தைக்கு 'ரோல்' என்று பெயர். ஆர்க்டிக் வேட்டைக்காரர்கள் உயிர் பிழைக்கக் கண்டுபிடித்த இது, இன்று கங்கையிலும் மலபார் ஆறுகளிலும் அன்றாடத் தேவை. கற்பது கடினம். கற்றதைக் கைவிட்டுப் போகாமல் காப்பது அதைவிடக் கடினம்.

சிவபுரி. ரிஷிகேஷிலிருந்து கங்கையின் மேல்நோக்கிச் சுமார் 16 கி.மீ. அக்டோபர் பிறந்து, மழைக்காலக் கலங்கல் தெளிந்து, ஆறு பச்சை நிறத்துக்குத் திரும்பியதும் இங்கே திருவிழாக் கூட்டம்தான். டெல்லியிலிருந்தும் சண்டிகரிலிருந்தும் வந்து குவியும் இளைஞர்கள் ரப்பர் படகுகளில் எட்டு எட்டுப் பேராக ஏறிக்கொள்கிறார்கள். கைடு போடும் கட்டளைக்கு ஏற்பத் துடுப்பு வலிக்கிறார்கள். அலை முகத்தில் அறையும்போது கூச்சலிடுகிறார்கள்.

அந்தக் கூச்சலில் யாரும் கவனிக்காத ஓர் ஆசாமி, படகுகளுக்குச் சற்று முன்னால் தனியாகப் போய்க்கொண்டிருப்பார். ஆள் உயரத்தைவிடக் கொஞ்சமே நீளமான பிளாஸ்டிக் படகு. அதில் இடுப்புவரை செருகி வைத்ததுபோல உட்கார்ந்திருப்பார். தலையில் ஹெல்மெட், கையில் இரு முனையிலும் தகடு கொண்ட துடுப்பு. இவர்தான் 'சேஃப்டி கயாக்கர்'. ரப்பர் படகிலிருந்து யாராவது தவறி விழுந்தால், ஓடிப்போய்ப் பிடித்துக் கரை சேர்ப்பது இவர் வேலை.

'ரோலர் கோஸ்டர்' என்று கைடுகள் பெயர் வைத்திருக்கும் பாய்ச்சலில், வரிசையாக எழும் அலைகளில் ஏதோ ஒன்று இந்தச் சிறு படகைப் புரட்டிப் போடுகிறது. மனிதர் மறைந்துவிடுகிறார். தண்ணீருக்கு மேலே தெரிவது படகின் வயிறு மட்டுமே. ஒரு விநாடி, இரண்டு விநாடி. பிறகு பக்கவாட்டில் ஒரு துடுப்புத் தகடு எட்டிப் பார்க்கிறது, அரைவட்டம் அடிக்கிறது, படகு விருட்டென்று நிமிர்கிறது. மனிதர் தலையை உதறிவிட்டுத் துடுப்பு போடத் தொடங்குகிறார். ரப்பர் படகில் கைதட்டல் எழும்போது அவர் கண் அடுத்த பாய்ச்சலுக்குப் போய்விட்டிருக்கும்.

அவரால் எழ முடியாமல் போயிருந்தால்? படகை விட்டு வெளியேறி நீந்தியிருப்பார். படகுக்குள் தண்ணீர் நிறைந்திருக்கும். துடுப்பு ஒரு பக்கம் போயிருக்கும். மற்றவர்களைக் காப்பாற்ற வந்தவரை மற்றவர்கள் காப்பாற்ற வேண்டியிருக்கும். ரோல் தெரிந்த சேஃப்டி கயாக்கருக்கும் தெரியாதவருக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

சுற்றுலாத் தலங்களில் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் கயாக்கோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை மேலே உட்கார்ந்து ஓட்டும் ரகம். கவிழ்ந்தால் ஆள் தனியே, படகு தனியே விழும். திருப்பிப் போட்டு ஏறிக்கொள்ளலாம். வெள்ளைநீர் கயாக் அப்படியல்ல. கால்கள் உள்ளே நீண்டிருக்கும், தொடைகளும் முழங்கால்களும் படகின் உட்கூரையில் அழுந்தியிருக்கும். இடுப்பைச் சுற்றி 'ஸ்ப்ரே ஸ்கர்ட்' எனப்படும் ரப்பர் பாவாடை ஒன்று, படகின் வாயைத் தண்ணீர் புகாமல் இறுக மூடியிருக்கும். இந்தப் படகில் ஒருவர் ஏறி உட்காருவதில்லை, அதை உடுத்திக்கொள்கிறார். அது கவிழும்போது அவரும் சேர்ந்தே கவிழ்கிறார்.

தலை கடைசியில்

எனவே முதல் பாடம் எழுவது அல்ல, வெளியேறுவது. கவிழ்ந்த நிலையில் பதறாமல் முன்னால் குனிந்து, படகின் வயிற்றை இரு கைகளாலும் தட்டி, ஸ்கர்ட்டின் முன்விளிம்பில் இருக்கும் வாரைப் பிடித்து இழுத்து, பேன்ட்டைக் கழற்றுவதுபோலப் படகைக் கழற்றிவிட்டு மேலே வர வேண்டும். தட்டுவதற்கு இரண்டு பயன்கள். அருகில் இருப்பவருக்கு அது உதவி கேட்கும் சைகை. கவிழ்ந்தவருக்கோ, இன்னும் நேரம் இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் வழி. இது கைவராதவருக்கு ரோல் கைவராது. எப்போது வேண்டுமானாலும் வெளியேறலாம் என்ற தைரியம் இருப்பவரால்தான் உள்ளே இருந்து முயற்சி செய்ய முடியும்.

அடுத்தது இடுப்பு. நீச்சல் குளத்தின் விளிம்பையோ, எதிரே நிற்கும் நண்பரின் படகு மூக்கையோ இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, படகைப் பாதி சாய்த்து, மேல்உடலை அசைக்காமல் இடுப்பை மட்டும் வெட்டித் திருப்பிப் படகை நிமிர்த்த வேண்டும். புதிதாக வருபவர்கள், அதிலும் தோள்பலம் உள்ள ஆண்கள், கையால் அழுத்தி எழப் பார்க்கிறார்கள். அங்கேதான் சறுக்குகிறது. தண்ணீர் கைக்குப் பிடிமானம் தருவதில்லை. படகை நிமிர்த்துவது இடுப்பும் முழங்காலும்தான். துடுப்பு ஒரு நொடி ஊன்றுகோல், அவ்வளவே. ஜிம்மில் வளர்த்த தோள்களோடு வருபவர் திணறும்போது, ஒல்லியான பெண் ஒருத்தி மூன்றாவது நாளே எழுந்துவிடும் அதிசயத்துக்கு இதுதான் காரணம்.

பிறகு துடுப்பு. கவிழ்ந்ததும் உடம்பை முன்னால் மடக்கி, மூக்கு படகின் மேல்தளத்தைத் தொடுகிற அளவுக்குக் குனிய வேண்டும். அப்போதுதான் அடியில் பாறை வந்தால் அடி ஹெல்மெட்டில் விழும், முகத்தில் விழாது. துடுப்பைப் படகின் பக்கவாட்டில் ஒட்ட வைத்து, அதன் தகடு நீர்மட்டத்துக்கு மேலே வரும்வரை கைகளை உயர்த்த வேண்டும். அங்கிருந்து தகடு நீரின் மேற்பரப்பில் அரைவட்டம் வெட்டும். உடம்பு அதனுடன் விரியும். இடுப்பு திரும்பும். படகு நிமிரும். மேல்உடல் தொடர்ந்து வரும். கடைசியாகத் தலை.

இந்தக் கடைசிச் சொல்லில்தான் எல்லாச் சிக்கலும். தலைகீழாகத் தண்ணீரில் தொங்கும் எவருக்கும் மூளை சொல்லும் முதல் கட்டளை, தலையைத் தூக்கு, மூச்சு விடு என்பதுதான். ஆனால் தலையைத் தூக்க உடம்பு முறுக்கிக்கொள்ளும்போது, படகை நிமிர்த்த வேண்டிய முழங்கால் தளர்ந்து, எதிர்ப்பக்க முழங்கால் படகைத் திரும்பக் கவிழ்க்கிறது. தலை மேலே வந்து ஒரு வாய்க் காற்றைப் பிடித்ததும் மறுபடி மூழ்குகிறது. உயிர் பிழைக்கச் சொல்லும் உள்ளுணர்வுதான் இங்கே எதிரி. ரோல் கற்பது என்பது ஒரு அசைவைக் கற்பதைவிட, ஒரு பயத்துக்குப் பிந்திச் செயல்படக் கற்பதுதான். தோளில் காதை ஒட்டி வைத்துக்கொள்ளச் சொல்வதும், துடுப்புத் தகட்டையே கடைசிவரை பார்த்துக்கொண்டிருக்கச் சொல்வதும் தலையை ஏமாற்றும் உபாயங்கள்.

சிலருக்கு ஒரே மதியத்தில் வந்துவிடும். சிலருக்கு மாதக்கணக்கில் வராது. இந்தியாவிலிருந்து பலர் இதற்காக நேபாளத்தின் பொக்காராவுக்குப் போகிறார்கள். அங்கே ஃபேவா ஏரியின் அசையாத தண்ணீரில் ரோல் கற்றுக்கொடுத்து, பிறகு சேதி ஆற்றுக்கு அழைத்துப்போகும் சில நாள் பயிற்சி முகாம்கள் பிரபலம். ரிஷிகேஷிலும் மணல்திட்டை ஒட்டிய தேங்குநீரில் இதே பாடம் நடக்கிறது. ஆனால் கங்கையின் குளிர், மாணவரின் மூச்சையும் பொறுமையையும் சீக்கிரமே குறைத்துவிடும்.

பனிக்கடலில் பிறந்தது

இந்த வித்தைக்குக் காப்புரிமை கோரும் தகுதி ஒரே இனத்தாருக்குத்தான் உண்டு: ஆர்க்டிக்கின் இன்யூட் மக்கள். பழைய நூல்களில் இதற்கு 'எஸ்கிமோ ரோல்' என்று பெயர். அந்த இனப்பெயரை இன்யூட் மக்கள் பலரும் இழிவாகக் கருதுவதால், இப்போது 'கயாக் ரோல்' என்றே சொல்கிறார்கள். மரமே வளராத நிலத்தில், கடல் அடித்துக்கொண்டு வந்த கட்டைகளைச் சட்டமாகக் கட்டி, சீல் தோலைப் போர்த்துத் தைத்த படகு அது. அரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் அளவு நீளம். வேட்டைக்காரர் அணியும் தோல்சட்டையின் அடிவிளிம்பு படகின் வாய் வளையத்தோடு இறுகிப் பொருந்தும். இன்றைய ரப்பர் பாவாடைக்குப் பாட்டி அது.

எறியீட்டி பட்ட சீல் கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடும். பக்கவாட்டு அலை வரும். வால்ரஸ் மோதும். படகு கவிழ எத்தனையோ காரணங்கள். அந்தப் பனிநீரில் நீச்சல் பழகவும் வழியில்லை, நீந்திப் பயனுமில்லை. எழுந்தால் உயிர், இல்லையேல் இல்லை. கிரீன்லாந்தில் கடலுக்குப் போன ஆண்கள் ஏராளமானோர் கயாக்கிலேயே மாண்டார்கள். எல்லா வேட்டைக்காரர்களுக்கும் ரோல் தெரிந்திருக்கவில்லை என்பதும் உண்மை. தெரிந்தவர் குடும்பத்தில் கவலை குறைவு.

கிரீன்லாந்துக்கும் தமிழ்க் கரைக்கும் விசித்திரமான ஓர் உறவு உண்டு. 1706-இல் தரங்கம்பாடிக்குச் சீகன்பால்குவை அனுப்பிய அதே டென்மார்க் மன்னர் நான்காம் ஃபிரெடரிக்கின் ஆதரவோடுதான், 1721-இல் ஹான்ஸ் எகெடே என்ற பாதிரியார் கிரீன்லாந்தில் போய் இறங்கினார். அவருக்குப் பின் மொராவிய சபையினர் போனார்கள். அந்தச் சபையைச் சேர்ந்த டேவிட் கிரான்ஸ் 1765-இல் வெளியிட்ட கிரீன்லாந்து வரலாற்றில், கயாக்கில் கவிழ்ந்து எழும் பயிற்சிகளைப் பத்து வகையாகப் பிரித்து விவரித்திருக்கிறார்.

ஏன் பத்து? ஒன்று போதாதா? ஆபத்து ஒரே மாதிரி வருவதில்லை என்பதுதான் பதில். துடுப்பு கையில் இருந்தால் ஒரு முறை. அது படகின் வாரில் சிக்கிக்கொண்டால் வேறு முறை. துடுப்பே போய்விட்டால் ஈட்டி எறியும் சிறு பலகையைக் கொண்டு ஒரு முறை. அதுவும் இல்லையென்றால் வெறுங்கையால். ஒரு கை கயிற்றில் மாட்டிக்கொண்டால் மறு கையால். இன்று கிரீன்லாந்தின் தேசிய கயாக் போட்டியில் முப்பதுக்கும் மேற்பட்ட ரோல்கள் பட்டியலில் இருக்கின்றன. கையில் கனமான கல்லைப் பிடித்தபடி எழுவது, முழங்கையால் எழுவது, கைகளைக் கட்டிக்கொண்டு எழுவது என்று கடினத்துக்கு ஏற்ப மதிப்பெண். வேடிக்கையாகத் தெரியும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் எப்போதோ யாருக்கோ நேர்ந்த ஒரு விபத்தின் நிழல் இருக்கிறது.

இந்த வித்தை ஐரோப்பாவுக்குப் போனது புத்தகம் வழியாக. நார்வேயின் ஃப்ரிட்யோஃப் நான்சென் 1888-இல் கிரீன்லாந்தின் பனிப்பரப்பைக் கடந்து, அங்கேயே குளிர்காலத்தைக் கழித்தபோது கயாக் ஓட்டக் கற்றுக்கொண்டு, இன்யூட் வாழ்க்கையைப் பற்றி எழுதினார். அவருடையதும் மற்றவர்களுடையதுமான எழுத்துகளைப் படித்துப் படித்தே, ஆசிரியர் யாரும் இல்லாமல், ஆஸ்திரியாவின் எடி ஹான்ஸ் பாவ்லாட்டா 1927 ஜூலை 30 அன்று வைஸன்ஸே ஏரியில் கவிழ்ந்து எழுந்தார். துடுப்பின் ஒரு முனைத் தகட்டையே கையில் பிடித்து, மறுமுனையை நீள நீட்டிச் சுழற்றும் அவர் முறை இன்றும் 'பாவ்லாட்டா ரோல்' என்றே வழங்குகிறது. நெம்புகோல் நீளமாவதால் எழுவது எளிது.

பிரிட்டனின் ஜினோ வாட்கின்ஸ் வேறு வழியில் போனார். 1930-31-இல் கிழக்கு கிரீன்லாந்தில் விமானப் பாதை ஆய்வுக் குழுவுக்குத் தலைமை தாங்கியபோது, உள்ளூர் வேட்டைக்காரர்களிடம் நேரடியாகவே ரோல் கற்றார். அதில் தேர்ச்சியும் பெற்றார். 1932 ஆகஸ்ட் 20 அன்று சீல் வேட்டைக்குத் தனியே போனவர் திரும்பவில்லை. தோழர்கள் தேடிப் போனபோது அவருடைய கயாக் மட்டும் மிதந்துகொண்டிருந்தது. உடல் கிடைக்கவே இல்லை. அப்போது அவருக்கு 25 வயது. ரோல் தெரிந்தவர் சாகமாட்டார் என்று நினைப்பவர்கள் வாட்கின்ஸை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

மறந்துபோன ஒரு தலைமுறை

உயிரோடு கலந்திருந்த இந்த வித்தை, பிறந்த மண்ணிலேயே மறக்கப்பட்டது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடல் வெப்பம் மாறி, தென்மேற்குக் கிரீன்லாந்தில் சீல் குறைந்து, காட் மீன் பெருகியது. வேட்டைக்காரர்கள் மீனவர்கள் ஆனார்கள். மோட்டார் படகுகள் வந்தன. கயாக் தேவையற்றுப் போனது. தேவையற்றுப் போனதை யாரும் மகனுக்குக் கற்றுக்கொடுப்பதில்லை. தாத்தாவுக்குத் தெரிந்தது பேரனுக்குத் தெரியாமல் போக ஒரே தலைமுறை போதுமானதாக இருந்தது.

1980-களில் இளைஞர்கள் சிலர் விழித்துக்கொண்டு கயாக் சங்கம் அமைத்தார்கள். அருங்காட்சியகப் படகுகளை அளந்து புதிய படகு கட்டினார்கள். இன்னும் நினைவு வைத்திருந்த கிழவர்களைத் தேடிப் பிடித்தார்கள். இரு கம்பங்களுக்கு நடுவே கட்டிய கயிற்றில் சுழன்று சுழன்று எழும் பழைய தரைப் பயிற்சியும் மீண்டது. இன்று குழந்தைகள் அதில் போட்டி போடுகிறார்கள். கிரீன்லாந்து சொல்லும் பாடம் எளிமையானது. இந்தக் கலையை ஏட்டில் எழுதி வைக்கலாம். ஆனால் அது உயிர் வாழ்வது உடம்பில்தான். உடம்பு செய்யாமல் விட்டால் அது செத்துப்போகும்.

இரண்டு ஆறுகள், இரண்டு கணக்குகள்

இந்தியாவில் ரோல் பழகுபவர்களுக்கு இரு வேறு பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. ஒன்று கங்கை. தேவபிரயாகையில் அலக்நந்தாவும் பாகீரதியும் கலந்து இறங்கும் ஆழமான பேராறு. கௌடியாலாவுக்குக் கீழே 'தி வால்' என்று அஞ்சப்படும் பாய்ச்சலில் அலை வீடளவு எழுகிறது. இங்கே கவிழ்ந்தால் பாறையில் மோதும் பயம் குறைவு, அலையில் சிக்கும் பயம் அதிகம். நுரைத்த நீரில் பாதி காற்று. துடுப்புக்குப் பிடிப்பே கிடைக்காது. ஆகவே கங்கை கற்றுக்கொடுப்பது காத்திருப்பது. குனிந்து ஒட்டிக்கொண்டு, கொந்தளிப்பு கடந்து, துடுப்பில் கனமான நீர் படும்வரை இரண்டு மூன்று விநாடி பொறுத்து எழுபவர் ஜெயிக்கிறார். அவசரப்பட்டு மூன்று முறை முயன்று மூன்றிலும் தோற்றவர் மூச்சு தீர்ந்து வெளியேறுகிறார்.

இன்னொன்று மலபார். கோழிக்கோடு மாவட்டம் கோடஞ்சேரி, துஷாரகிரி பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கும் சாலிப்புழாவும் இருவழிஞ்சிப்புழாவும் ஆண்டின் பெரும்பகுதி பாறைகளுக்கு நடுவே சலசலக்கும் சிற்றாறுகள். ஜூன், ஜூலையில் மழை அடித்து ஊற்றியதும் இவை வெறிபிடித்து ஓடுகின்றன. 2013-இல் தொடங்கிய மலபார் ஆற்றுத் திருவிழாவுக்கு உலகின் பல நாடுகளிலிருந்து கயாக் வீரர்கள் வருகிறார்கள். வெற்றி பெறுபவர்களுக்கு 'ரேபிட் ராஜா', 'ரேபிட் ராணி' பட்டம். குடை பிடித்துக்கொண்டு கரையில் நிற்கும் ஊர் மக்கள் ஒவ்வொரு கவிழ்ப்புக்கும் மூச்சைப் பிடித்து, ஒவ்வொரு எழுகைக்கும் ஆரவாரம் செய்கிறார்கள். குறுகிய, ஆழமற்ற, பாறை நிறைந்த இந்த ஆறுகளில் காத்திருப்பது ஆபத்து. தலைக்குக் கீழே ஒரு முழத்தில் பாறை ஓடிக்கொண்டிருக்கும். இங்கே கணக்கு நேர் எதிர்: கவிழ்ந்த வேகத்திலேயே எழ வேண்டும்.

எந்த ஆறானாலும் குளத்தில் கற்ற ரோல் வேறு, ஆற்றில் வரும் ரோல் வேறு. இந்த இரண்டாவதற்குக் கயாக் உலகில் 'காம்பாட் ரோல்' என்று பெயர், போர்க்கள ரோல். குளத்தில் நாமாக மூச்சை நிரப்பிக்கொண்டு, பிடித்த பக்கமாகக் கவிழ்கிறோம். ஆற்றில் அது நம்மைக் கேட்டுக்கொண்டு கவிழ்ப்பதில்லை. பாதி மூச்சில், துடுப்பு தவறான பக்கம் இருக்க, எந்தப் பக்கம் மேல் என்று தெரியாத நிலையில் ஆரம்பிக்க வேண்டும். போதாததற்குக் குளிர். பனியுருகி வரும் நீர் முகத்தில் பட்ட மாத்திரத்தில் உடம்பு தன்னிச்சையாக மூச்சை இழுக்கப் பார்க்கும். கரையில் ஒரு நிமிடம் மூச்சடக்குபவர் அங்கே சில விநாடிகளில் தவித்துப்போவார்.

தேய்ந்துபோகும் திறமை

சைக்கிள் ஓட்டக் கற்றால் மறக்காது என்பார்கள். ரோல் அப்படியில்லை. அசைவை உடம்பு மறப்பதில்லை என்பது ஓரளவு உண்மை. ஆனால் அதன் கூர்மை மழுங்குகிறது. ஆறு மாதம் விட்டுவிட்டு வருபவரிடம் முதலில் காணாமல் போவது பொறுமை. தலை சீக்கிரம் எழத் தொடங்குகிறது. அதை ஈடுகட்டக் கை அழுத்துகிறது. கை அழுத்துவதால் எப்படியோ எழுந்தும் விடுகிறார். அமைதியான நீரில் இந்தக் கோளாறு வெளியே தெரியாது. பெரிய பாய்ச்சலில்தான் அது பில் போடும்.

அந்த பில் பெரும்பாலும் தோளுக்கு வருகிறது. துடுப்பைத் தலைக்கு மேலும் பின்னாலும் வீசி எழ முயலும்போது, ஆற்றின் முழு வேகமும் நீட்டிய கையில் விழ, தோள்மூட்டு கழன்றுவிடுகிறது. கயாக் ஓட்டிகளை அஞ்ச வைக்கும் காயம் இதுதான். ஒரு முறை கழன்ற தோள் மறுபடி கழல்வது சுலபம். கைடு தொழிலில் இருப்பவருக்குச் சம்பாத்தியமே நின்றுபோகும். முழங்கைகளை விலாவோடு ஒட்டி வை, கைகள் எப்போதும் கண்ணுக்கு முன்னால் இருக்கட்டும் என்று பயிற்சியாளர்கள் ஓயாமல் சொல்வது இதனால்தான். இன்னொரு காயம் மெதுவாக வருவது. ஆண்டுக்கணக்கில் குளிர்நீர் காதுக்குள் புகுந்து புகுந்து, காதுக்குழாயில் எலும்பு வளர்ந்து அடைத்துக்கொள்கிறது. சில ரூபாய் பெறும் காதடைப்பான் இதைத் தடுக்கும். ஆனால் அதை மாட்டிக்கொள்ளும் பழக்கம் காது மந்தமான பிறகே பலருக்கு வருகிறது.

திறமையைத் தக்கவைக்க மந்திரம் ஏதும் இல்லை. ஒவ்வொரு நாளும் கரையேறுமுன் இடப்பக்கம் ஐந்து, வலப்பக்கம் ஐந்து என்று எழுவது. வலக்கைக்காரர் வலப்பக்கத்தையே நம்பியிருக்காமல், வராத பக்கத்தையும் வரவழைப்பது. பாறை ஒட்டிய இடத்தில் வலப்பக்கம் எழ இடமில்லாமல் போகலாம். கண்ணை மூடிக்கொண்டு கவிழ்வது. துடுப்பை வேண்டுமென்றே ஒரு கையில் மட்டும் பிடித்துக் கவிழ்வது. குளத்திலிருந்து நேராகப் பாய்ச்சலுக்குப் போகாமல், நடுவே மெல்லிய ஓட்டத்தில் பழகுவது. முதல் முயற்சி தோற்றால் அவசரப்படாமல் முழுதாகக் குனிந்து, ஆரம்ப நிலையிலிருந்து இரண்டாவதைத் தொடங்குவது. இந்த இரண்டாவது முயற்சிதான் தேர்ந்தவரை மற்றவரிடமிருந்து பிரிக்கிறது.

ரோலையே பெரிதாகப் பேசுவது பிடிக்காதவர்களும் இருக்கிறார்கள். கவிழாமல் ஓட்டுவதே கலை, துடுப்பை ஊன்றிச் சாய்வைத் தாங்குவதும் ஆற்றைப் படிப்பதும் முந்திய பாடங்கள், ரோல் கடைசித் துருப்புச் சீட்டு என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ஏரியில் நான்கு முறை எழுந்துவிட்ட தெம்பில் தன் தகுதிக்கு மீறிய பாய்ச்சலில் இறங்குபவரைக் கைடுகள் நன்றாக அறிவார்கள். ஆனால் மறுபக்கமும் உண்டு. கவிழ்ந்தால் எழ முடியும் என்று அறிந்தவர் விறைப்பில்லாமல் உட்காருகிறார். விறைப்பில்லாதவர் குறைவாகவே கவிழ்கிறார்.

யாருடைய பொறுப்பு?

விளையாட்டுக்காகக் கவிழ்பவர் தன் உயிரோடு மட்டும் விளையாடுகிறார். சேஃப்டி கயாக்கரின் ரோல் தேய்ந்துபோனால் அடுத்தவர் உயிரும் கணக்கில் வருகிறது. 2018 ஜூனில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம், முறையான விதிகளை மாநில அரசு வகுக்கும்வரை ரிவர் ராஃப்டிங் உள்ளிட்ட சாகச விளையாட்டுகளுக்குத் தடை போட்டது. விதிகளோடு அவை மீண்டும் தொடங்கின. உரிமம், உயிர்காப்புச் சட்டை, ஹெல்மெட் என்று காகிதத்தில் சோதிக்கக்கூடியவற்றைச் சோதிப்பது எளிது. மூன்று ஆண்டு முன் தேர்வில் எழுந்து காட்டியவர், இந்தப் பருவத்தில் குளிர்நீரில், வராத பக்கத்தில் எழுவாரா என்பதைக் காகிதம் சொல்லாது.

பயணியாகப் போகிறவர் கேட்கக்கூடிய கேள்விகள் சில உண்டு. படகோடு சேஃப்டி கயாக் வருகிறதா? எத்தனை படகுக்கு ஒன்று? அவர் இந்தப் பருவத்தில் இந்த ஆற்றில் எத்தனை நாளாக ஓட்டுகிறார்? நூறு இருநூறு ரூபாய் குறைத்துத் தரச்சொல்லிப் பேரம் பேசுபவர்கள், குறைக்கப்படுவது எதுவென்றும் கேட்டுவிடலாம்.

இதற்கிடையில் ரோல் ஒலிம்பிக் மேடைக்கும் ஏறிவிட்டது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் முதன்முறையாக இடம்பெற்ற 'கயாக் கிராஸ்' போட்டியில், நான்கு வீரர்கள் ஒரே நேரத்தில் உயரமான மேடையிலிருந்து தண்ணீரில் குதித்து முட்டி மோதி முன்னேறுகிறார்கள். பாதையின் ஓரிடத்தில் ஒவ்வொருவரும் வேண்டுமென்றே கவிழ்ந்து முழுச்சுற்றுச் சுற்றி எழுந்தே ஆக வேண்டும் என்பது விதி. சீல் வேட்டைக்காரர் உயிருக்குச் செய்ததை வீரர்கள் இன்று பதக்கத்துக்குச் செய்கிறார்கள். இந்தியாவில் கயாக் ஸ்லாலம் வீரர்கள் மத்தியப் பிரதேசம் மகேஷ்வரில், நர்மதையின் சஹஸ்ரதாரா பாறைகளுக்கிடையே பயிற்சியும் போட்டியும் செய்கிறார்கள். கயாக் கிராஸில் இறங்க நினைக்கும் எவருக்கும் அங்கேயும் முதல் பாடம் மாறப்போவதில்லை.

ஆண்டுதோறும் ஜூலை, ஆகஸ்டில் கங்கை கரைபுரளும்போது ரிஷிகேஷின் படகுகள் கரையேறுகின்றன. கைடுகளில் சிலர் லடாக்கின் ஸன்ஸ்கார் ஆற்றுக்கு வேலை தேடிப் போகிறார்கள். மற்றவர்கள் கடவாலிலும் நேபாளத்திலும் உள்ள தங்கள் கிராமங்களுக்குத் திரும்பி வயல் வேலை பார்க்கிறார்கள். செப்டம்பர் கடைசியில் ஆறு வடிந்ததும் எல்லோரும் மணல்திட்டுக்குத் திரும்புவார்கள். பயணிகள் வருமுன் அங்கே முதலில் நடக்க வேண்டியது ஒன்றுதான். தேங்குநீரில் இறங்கி, கவிழ்ந்து, எழுந்து, மறுபடி கவிழ்ந்து பார்ப்பது. யாரும் கைதட்டாத அந்த ஒரு வாரத்தில்தான், பருவம் முழுவதும் படகில் ஏறப்போகிறவர்களின் பத்திரம் தீர்மானமாகிறது.